முதுமையில் உடைமை ஒடுக்கம்

திருச்சிற்றம்பலம்

உயிர் அறிவுடையது, உடைமை அறிவற்றது. அறிவுடையது அறிவற்றதனை ஆளுதலே முறை. அம்முறை பிறழ்ந்து, அறிவற்ற பொருள் அறிவுடைய உயிரை ஆளத் தொடங்குமாயின், அதனினும் இரங்கத்தக்க நிலை பிறிதில்லை. இப்பிறழ்ச்சி ஒருவர்பால் நிகழ்ந்துள்ளதோ இல்லையோ என்பது இளமையில் எளிதிற் புலப்படாது. ஈட்டும் முயற்சியும் மக்களை வளர்க்கும் கடமையும் அதனை மறைத்து நிற்கும். முதுமை வந்து, பணி ஓய்ந்து, பெரிய மனையை விட்டுச் சிறிய மனைக்குக் குடிபெயர வேண்டிய நாளிலேதான் அது வெளிப்படும். எதனை விடுவது, எதனைக் கொள்வது, விட்டது யாருக்கு உரியது, இங்ஙனம் விடுதலும் ஒரு துறவாமோ என்னும் வினாக்கள் அந்நாளில் எழுகின்றன. அவற்றைச் சைவசித்தாந்த நெறியில் வைத்து ஆராய்தல் பயனுடைத்து.

திண்டுக்கல் மாவட்டத்தில், பழனிக்குத் தென்மேற்கே மலையடிவாரத்தில், பாலாறு பொருந்தலாறு அணைக்கு அணித்தாக உள்ளது பாலசமுத்திரம். முற்காலத்திற் பழனிப் பாளையக்காரர்களுக்கு இருக்கையாய் விளங்கிய ஊர் அது. பாளையம் பழங்கதையாயிற்று, 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தாற் சென்னை மாகாணத்திற் சமீன்தாரி முறையும் ஒழிந்தது. இத்தகைய ஊரில் மூன்று தலைமுறையாக வாழ்ந்த ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்க. திண்ணையும் நடுமுற்றமும் உடைய ஓட்டு வீடு, நெற்குதிர், கவலை இறைத்த சால், ஆட்டுக்கல், அம்மி, உரல், அண்டா, தவலை, பித்தளைக் குடங்கள், தொட்டில் கட்டிய உத்தரம், பாட்டனார் படித்த ஏடுகள். தலைவர் அரசுப் பணியினர். தமிழ்நாட்டில் அரசுப் பணியாளர் ஓய்வு பெறும் அகவை 2021 முதல் 60 ஆகும். மணிவிழாவும் ஓய்வும் ஒருங்கே வருகின்றன. மக்கள் தொலைவிலுள்ள நகரங்களிலும் கடல் கடந்த நாடுகளிலும் இருக்கின்றனர். பெரிய மனையைப் பெருக்கித் துடைக்கவும் ஓடு மாற்றவும் முதியோர் இருவராலும் இயலவில்லை. மருத்துவர் அணிமையில் இருத்தலும் வேண்டும். ஆதலின் அவ்விருவரும் பழனியிலோ கோயம்புத்தூரிலோ அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் இரண்டு அறைகளுள்ள சிறு மனைக்குச் செல்ல முடிவு செய்கின்றனர். பத்தில் ஒரு பங்கு பொருளுக்கே அங்கு இடம் உண்டு. எஞ்சிய ஒன்பது பங்கும் விடுபட வேண்டியன. இஃது ஒரு குடும்பத்தின் நிலைமட்டும் அன்று. இந்நாளிற் பல குடும்பங்களின் நிலை.

உலகம் பொய்த்தோற்றம் என்று கூறுவார், பொய்ப்பொருளை எறிந்துவிடுவதில் ஆராய்ச்சி எதற்கு என்பர். அது சித்தாந்தத்திற்கு உடன்பாடன்று. மாயை உள்பொருள். அதனினின்று தோன்றும் தனு, கரண, புவன, போகங்களாகிய உடம்பும், கருவிகளும், உலகும், நுகர்பொருளும் உயிரின்மேற் கொண்ட கருணையால் இறைவன் கூட்டுவித்தவை. அநாதியே உயிரைப் பற்றிய ஆணவ இருளை நீக்குதற்கு அவை துணை. அழுக்குத் துணியை வெளுப்பவன் உவர்மண்ணை இட்டு அழுக்கை நீக்குதல்போல, இறைவன் மாயையைக் கொண்டு மலத்தைக் கழுவுகின்றான் என்பது சித்தாந்த நூலார் காட்டும் உவமை. அவ்வுவமையிற் கருதத்தக்கன இரண்டு. உவர்மண் பகையன்று என்பது ஒன்று. துணி வெளுத்தபின் அவ்வுவர்மண்ணையும் அலசிப் போக்குதல் வேண்டும் என்பது மற்றொன்று. அலசாது விட்ட துணி வெளுத்த துணி ஆகாது. இல்வாழ்க்கையில் விருந்தோம்பவும் மக்களை வளர்க்கவும் உதவிய பாண்டங்கள் அவ்வினை முடிந்தபின்னும் மனையை நிறைத்துக்கொண்டு கிடத்தல், அலசப்படாத உவர்மண் துணியில் ஒட்டிக் கிடத்தல் போல்வதாம்.

உடைமையை விடாமற் கொண்டுசெல்ல விழைதல் மாந்தர்க்குப் புதிதன்று. பாலசமுத்திரத்திற்கு அணித்தாகவுள்ள பொருந்தல் என்னும் ஊரில் 2009, 2010 ஆண்டுகளில் புதுச்சேரிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. இராசன் தலைமையில் அகழாய்வு நிகழ்ந்தது. அங்குள்ள பெருங்கற்கால ஈமச்சின்னம் ஒன்றில் ஆயிரக்கணக்கான மணிகளும், எழுத்துப் பொறித்த பிரிமனை ஒன்றும், நான்கு கால்களையுடைய சாடியில் ஏறத்தாழ 2 கிலோ நெல்லும் கிடைத்தன. அந்நெல்லின் காலம் கி.மு. 490 அளவினது என்று அறிவியல் முறையாற் கணித்தனர். இறந்தவர்க்கு ஆகுமென்று அன்புடையார் வைத்த நெல் அது. ஈராயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் கழிந்தும் அது சாடியிலேயே இருந்தது, உண்பார் வந்திலர். வைத்தவரை இகழ்தல் தகாது. அவர் வைத்தது அன்பினால். எனினும் உயிர் போம்வழியிற் சாடியும் நெல்லும் உடன்செல்லா என்பதற்கு இம்மண்ணே சான்று பகர்கின்றது. உயிரோடு செல்வது அது செய்த வினை ஒன்றே.

இனி, ஒன்றுமின்றி இருத்தலே சிறப்பு, உடைத்தாயிருத்தல் இழிவு என்று கொள்ளலாமோ எனின், அதுவும் ஆகாது. பழனி மலைமேல் எழுந்தருளியுள்ள தண்டாயுதபாணிப் பெருமானை நோக்குக. கனி கிடையாமையைத் தலைக்கீடாகக் கொண்டு, கயிலையை விட்டுக் கோவணமும் தண்டும் தாங்கி வந்து நின்றவன் என்பது தலவரலாறு. ஆயினும் ஆண்டிக்கோலத்து அம்மூர்த்திக்கே நாள்தோறும் ஒரு காலத்தில் இராச அலங்காரமும் செய்யப்படுகின்றது. முடியும் பட்டும் அணிந்து அரசனாகக் காட்சி தரும் பெருமானும், அவை களையப்பெற்று ஆண்டியாக நிற்கும் பெருமானும் ஒருவனே. அணிந்தமையால் அவனுக்குக் கூடியதொன்றும் இல்லை. களைந்தமையாற் குறைந்ததொன்றும் இல்லை. பழனியைச் சூழ்ந்த ஊர்களில் வாழ்வார்க்கு இப்பாடம் நாள்தோறும் கண்முன் நிகழ்கின்றது. பெரிய மனையில் இருந்தபோது தாம் பெரியர் என்றும், சிறிய மனைக்கு வந்தபின் தாம் சிறியர் என்றும் ஒருவர் கருதுவாராயின், அவர் மலையேறிப் பல்காற் கண்டும் அப்பாடத்தைக் கற்றிலர் என்க.

அங்ஙனமாயின் விடுதலின் முறை யாது? சித்தாந்த நூல்கள் உயிர் படிப்படியாகத் தெளியும் முறையைத் தசகாரியம் எனப் பகுத்துக் கூறும். அவற்றுள் முதல் மூன்று தத்துவரூபம், தத்துவதரிசனம், தத்துவசுத்தி என்பன. தத்துவங்கள் இவை என அறிதல் ரூபம். அவை சடம், தான் அவற்றின் வேறு எனக் காணுதல் தரிசனம். திருவருளால் அவற்றினின்று நீங்குதல் சுத்தி. முப்பத்தாறு தத்துவங்களைப் பற்றிய இவ்வருமருந்தை அண்டா குண்டாக்களுக்கு உரைத்தல் பொருந்துமோ எனச் சிலர் ஐயுறலாம். புறப்பொருளில் ஒரு முறையைப் பழகாதார் அகத்திலுள்ள கருவி கரணங்களில் அதனைக் கைக்கொள்ளுதல் அரிது. ஆதலின் ஒப்புமை பற்றி இதனைக் கொள்ளுதல் தவறன்று.

முதலாவது, உள்ளவற்றை உள்ளவாறு அறிதல். பரணையும் பெட்டியும் திறந்து, என்னென்ன உள்ளன என்று வரிசைப்படுத்துதலே பாதி வேலை. தம்மிடம் இன்னது உண்டு என்பதையே மறந்திருந்தோர், அதனைக் கண்டவுடன் இஃதின்றி வாழ்தல் இயலாது என்று கருதும் விந்தை அப்போது புலப்படும். இருபது ஆண்டுகள் நினைவிற்கும் வாராத பொருள் ஒரு கணத்தில் இன்றியமையாததாகின்றது. பற்று பொருளிடத்து இல்லை, நெஞ்சிடத்தே உள்ளது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

இரண்டாவது, அப்பொருள் வேறு தாம் வேறு எனக் காணுதல். தமிழ்நாட்டு மனைகளிற் பாத்திரங்களின்மேற் பெயர் வெட்டுவிக்கும் வழக்கம் உண்டு. திருமணச் சீராக வந்த குடத்தில் தாயின் பெயர்; புதுமனை புகுவிழாவில் வந்த தவலையில் அளித்தவர் பெயர். பெயர் தேய்ந்தும் பித்தளை தேயாது நிற்கின்றது. பெயருக்குரியவர் மறைந்து நெடுங்காலமாயிற்று. எனது என்னும் எண்ணத்தைப் பித்தளையில் எழுதிவைத்தாலும் பித்தளை அதனை அறியாது. தாயின் குடத்தைக் கொடுத்துவிட்டால் தாயையே கைவிட்டதாகும் என்று நெஞ்சு நடுங்குதல் இயல்பே. அந்நடுக்கத்தை எள்ளுதல் அறிவுடைமையன்று. ஆனால் தாய் குடத்தில் இல்லை. அக்குடத்தால் நீர் வார்த்து வந்தவர் வேட்கையைத் தணித்தாளே, அச்செயலில் இருந்தாள். அச்செயல் தொடருமிடத்திற்குக் குடம் செல்லுமாயின் அது தாய்க்குச் செய்யும் சிறப்பேயாம்.

மூன்றாவது நீக்கம். இதன்கண் வழுக்கள் பல நேர்தல் கூடும். கிழிந்ததும் ஓட்டையும் உடைந்ததும் ஆகியவற்றைப் பிறர்க்குக் கொடுத்து, அதனைத் தானம் என்று எண்ணுதல் ஒரு வழு. தமக்குக் குப்பையாயினது பெறுவார்க்கும் குப்பையே. அதனைக் கொடுத்தவர் தம் மனையிலிருந்த சுமையை ஏழையின் குடிசைக்கு மாற்றினாரே அன்றி அறம் செய்திலர். பெறுவார்க்கு வேண்டுவது யாதெனக் கேட்டு, தேய்ந்ததைச் செப்பனிட்டு, துலக்கிக் கொடுப்பதே கொடை. பெரிய அண்டாக்கள் திருக்கோயில் மடைப்பள்ளிக்கும் அன்னம்பாலிக்கும் மடங்களுக்கும் ஆகும். பழனிக்குப் பாதயாத்திரை வரும் அடியார்க்குக் கஞ்சி வார்க்கும் இடங்களிலும் அவை வேண்டப்படும்.

பிறர் பொருளைத் துறத்தல் இன்னொரு வழு. மனைத்தலைவர் ஒருவர் ஒரு நூலைப் படித்தோ ஒரு சொற்பொழிவைக் கேட்டோ துறவுணர்ச்சி மேலிட்டு, மனைவியார் நாற்பது ஆண்டு கையாண்ட பாத்திரங்களை வாரி வழங்கிவிடுகின்றார். அம்மையார் வாய்திறவாது நிற்கின்றார். அதனைத் துறவு என்று எவ்வாறு கூறுதல் கூடும்? தம் நெஞ்சிலுள்ளதை விடுதலே துறவு. பிறர் நெஞ்சிலிருந்து பறித்தல் வன்கண்மை. அடுக்களையை ஆண்டவர் அவர். அதில் எது வேண்டும், எது வேண்டா என்பதை முடிவு செய்யும் உரிமையும் அவருடையதே. அம்மையார் மனமொப்பி விடும்வரை காத்திருக்கும் பொறுமை, பொருளை விடுதலினும் பெரிய துறவாம். அங்கே விடப்படுவது தன்முனைப்பு.

ஒன்றும் எஞ்சாது மக்கட்குக் கொடுத்துவிட்டுப் பின் அவர் கையை எதிர்நோக்கி நிற்றலும் வழுவே. பற்றின்மை வேறு, விழிப்பின்மை வேறு. உடம்பு இறைவன் தந்த கருவி. அது நிற்குங்காறும் அதனைக் காத்தல் உயிரின் கடன். உறையுளும் உணவும் மருந்தும் தமக்கும் தம் துணைக்கும் உள்ளன என்பதை உறுதிசெய்துகொண்டே எஞ்சியவற்றைப் பகிர்தல் வேண்டும். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பும் நலமும் பற்றிய 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, தம்மைப் பேண வேண்டும் என்னும் நிபந்தனையோடு முதியவர் சொத்தை மாற்றிக் கொடுத்து, பெற்றவர் பேணாதொழிவாராயின், அம்மாற்றத்தைச் செல்லாதென அறிவிக்கத் தீர்ப்பாயத்திற்கு அதிகாரம் தருகின்றது. அந்நிபந்தனையைப் பத்திரத்திலே தெளிவாக எழுதுவித்தல் அன்பின்மை ஆகாது. பின்னாளில் தாய்தந்தையர் மக்களை வெறுக்கவும், மக்கள் பழி சுமக்கவும் நேராதபடி முன்னே கட்டிய வரம்பு அது.

வேறு சில பொருள்கள் உண்டு. அவை உடைமை என்னும் பெயருக்கே உரியன அல்ல. ஆன்மார்த்த பூசைக்குக் குருவினிடமிருந்து எழுந்தருளப்பெற்ற சிவலிங்கம் அத்தகையது. மனை சிறிதாயிற்று என்று அதனைக் குறைக்கும் பொருள்களின் வரிசையிற் சேர்த்தல் கூடாது. வாழ்நாள் முழுதும் பூசிப்பதாக ஏற்றுக்கொண்ட கடன் அது. இடையில் நிறுத்துதல் ஆகாது என்பது மரபு. புதிய மனையில் முதலில் ஒதுக்கத்தக்க இடம் அதற்கே. கட்டிலுக்கு இடம் பார்த்தபின் எஞ்சிய மூலையைப் பூசைக்கு ஒதுக்குவாரும் உளர். முறை அதற்கு மறுதலை. தமக்குப்பின் பூசிப்பார் இல்லையெனில், உடல்நலம் உள்ளபொழுதே குருவை அடைந்து, தக்கார்பால் ஒப்புவிக்கும் வழியைக் கேட்டறிதல் வேண்டும்.

ஏடுகளும் நூல்களும் அவ்வாறே. அவற்றின் அருமை அறியாது கழித்தமையால் தமிழ் இழந்தது அளவிறந்தது. ஆடிப்பெருக்கிற் பழைய ஏடுகளை ஆற்றில் விட்டோர் உண்டு. கரிவலம்வந்தநல்லூர்த் திருக்கோயிலில் இருந்த ஏடுகள் நெய்யில் தோய்த்து வேள்வித்தீயில் இடப்பட்டன என்று கேட்டு உ. வே. சாமிநாதையர் நெஞ்சு புண்பட்டதை அவரே எழுதியுள்ளார். இட்டவர் தீயவரல்லர், பக்தியோடும் முறையோடும் இட்டனர். அறிவில்லாத பக்தி இவ்வளவு கேடு செய்யும் என்பதற்கு அது சான்று. இந்நாளில் ஏடுகளைப் பேண இடமில்லை என்று கூறுதற்கு வழியில்லை. சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமும், 1943-இல் தோன்றிய உ. வே. சா. நூலகமும், தஞ்சையிற் சரசுவதி மகாலும் தமிழ்ப் பல்கலைக்கழகமும், புதுச்சேரியிற் பிரெஞ்சு நிறுவனமும் உள்ளன. புதுச்சேரியில் திரட்டப்பெற்ற சைவச் சுவடிகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்க்கப்பெற்றன. பாலசமுத்திரத்துப் பரணையிற் செல்லரிக்கும் ஒரு கட்டு ஏடு எந்நூலாகுமென்று யார் அறிவார்? பழைய தாள்வாங்கும் வணிகரை அழைக்குமுன் ஏடறிந்த ஒருவரை அழைத்தல் ஒவ்வொரு சைவர்க்கும் கடன்.

இதற்கு மறைமலையடிகள் வாழ்க்கை நல்ல எடுத்துக்காட்டு. 1905-இற் சைவசித்தாந்த மகாசமாசத்தைத் தோற்றுவிப்பதில் முன்னின்ற அவர், 1911-இற் கல்லூரி ஆசிரியப்பணியை விட்டுப் பல்லாவரத்தில் உறைந்து, அவ்வாண்டிலேயே துறவுக்கோலம் பூண்டார். கோலம் மாறியும் நூல்களை விட்டாரல்லர்; அரிய நூல்களைத் தேடித் திரட்டி, ஒழுங்குறப் பேணினார். 1950-இல் அவர் மறைந்தபின், அத்தொகுதி 1958-இற் சென்னையில் மறைமலையடிகள் நூலகமாகப் பொதுமக்கட்குத் திறக்கப்பெற்றது. துறவிக்கு நூல்நிலையம் எதற்கு என்று வினவுவார்க்கு விடை அந்நூல்நிலையமே. அவர் அவற்றை அடைக்கலப் பொருளாகக் காத்தார். அடைக்கலப் பொருளைக் காப்பவன் அதனைத் தனதென்று கருதான். பிறனதென்று புறக்கணித்தலும் செய்யான். எல்லா உடைமையையும் இவ்வாறே கருதுதல் சித்தாந்தியின் நோக்கு. உடையவன் ஒருவன், ஏனையோர் காப்பாளர்.

இவ்வளவும் கேட்டபின், தடையொன்று எழும். இம்முதியோர் விரும்பியா விட்டனர்? இடமின்மையாலும் உடல் தளர்ச்சியாலும் விட்டனர். வேறு வழியின்றி விட்டதனைத் துறவென்று கூறுதல் தம்மைத்தாமே ஏமாற்றுதல் அன்றோ? தடை வலியுடையதே. பரஞ்சோதியார் வாதாபி கொண்ட படைத்தலைவராய்ப் பெருஞ்சிறப்பில் இருக்கும்போதே, சிவனடியார் என்று அறிந்த அரசன் விடைகொடுக்கத் திருச்செங்காட்டங்குடிக்கு மீண்டு சிறுத்தொண்டராய் வாழ்ந்தார். திருப்புகலூரில் உழவாரப்பணி செய்யுமிடத்திற் பொன்னும் மணியும் தோன்றியபோது திருநாவுக்கரசர் அவற்றைப் பருக்கைக் கற்களோடு ஒக்க வாரி வாவியில் எறிந்தார். கையில் வந்ததை அவர் விட்டார். இங்கே கையினின்று நழுவுவதை இவர் விடுகின்றார். இரண்டும் ஒன்றல்ல.

ஆயினும் இதனை இவ்விடத்தில் நிறுத்துதல் ஆகாது. வறுமையும் மூப்பும் இடமின்மையும் தாமே வந்தன அல்ல. அவை நுகர்வினையாகிய பிராரத்தத்தின் வழியே இறைவன் ஊட்டுவிப்பவை. வருவதை மாற்றுதல் உயிரின் கையில் இல்லாதிருக்கலாம். வந்ததை எங்ஙனம் ஏற்பது என்பது அதன் கையில் உண்டு. முணுமுணுத்துக்கொண்டு விடுதலும் கூடும். இதுவும் அவன் செயல் என்று மனம் இசைந்து விடுதலும் கூடும். முன்னது இழப்பு, பின்னது கொடுப்பு. பொருள் நீங்கும் நிகழ்ச்சி இரண்டிலும் ஒன்றே. உயிரின் நிலை வேறு. இன்பத்தையும் துன்பத்தையும் ஒப்ப நோக்கும் இருவினையொப்பு ஒரு நாளில் வருவதன்று. வீட்டைக் காலி செய்தவர்க்கெல்லாம் அது வந்துவிட்டது என்று கூறுதலும் மிகை. ஆனால் விரும்பிய ஒன்றை வெறுப்பின்றி விடும் ஒவ்வொரு முறையும் அதற்குரிய பழக்கம் ஏறுகின்றது. ஆதலின் கட்டாயத்தால் வந்தது என்று இவ்வாய்ப்பை இகழ்தல் வேண்டா. மருந்தை விரும்பி உண்டாலும் பிறர் வற்புறுத்த உண்டாலும் நோய்க்கு மருந்தே. உமிழாது விழுங்குதல் ஒன்றே வேண்டுவது.

சிறு மனையிற் புகுந்தபின்னும் விழிப்பு வேண்டும். ஆணவம் இடம் பெரிதாயினால் விரிந்தும், சிறிதாயினாற் குறுகியும் வாழ வல்லது. எம்மிடம் இரண்டு தட்டும் இரண்டு பாயும் தவிர வேறில்லை என்று வருவோர்க்கெல்லாம் கூறி மகிழ்வாரும் உளர். இன்மையையும் ஓர் உடைமையாக்கிப் பெருமை கொள்ளும் இந்நோய் செல்வச்செருக்கினும் நுண்ணியது. சிறுத்தொண்டர் பணியை விட்டபின் மனையை விட்டாரல்லர். அடியார்க்கு அமுதூட்ட அது வேண்டியிருந்தது. ஆகவே மனையின் அளவைக் கொண்டு மாந்தரை அளத்தல் தவறு. அம்மனை யாருக்குப் பயன்படுகின்றது என்பதே அளவுகோல். சிறு மனையிலும் வருவார் ஒருவர்க்கு இலை போடுதல் கூடும். அண்டை வீட்டுக் குழந்தைக்குத் திருமுறை ஓதுவித்தல் கூடும். துடைக்க முற்றமும், காக்கக் குதிரும், பூட்டப் பத்து அறைகளும் இல்லாமையால் மிஞ்சிய பொழுது திருநீற்றுக்கும் திருவைந்தெழுத்துக்கும் திருக்கோயில் வழிபாட்டிற்கும் ஆகுமாயின், குறைந்தது சுமையே, வாழ்வு குறையவில்லை. அப்பொழுது வம்பிற்கும் தொலைக்காட்சிக்கும் போய்விடுமாயின், மனை சுருங்கியதாற் பெற்ற பயன் யாதும் இல்லை.

தமிழ்மொழி மக்கள் உறையும் மனைக்கும் உயிர் அடையும் முத்திக்கும் வீடு என்னும் ஒரு சொல்லையே வைத்தது. விடு என்னும் முதனிலை நீண்டு வீடு ஆயிற்று என்பர் இலக்கண நூலார். தொழிலை விட்டு இளைப்பாறும் இடம் மனை. மலத்தை விட்டு இன்புறும் நிலை முத்தி. விடுதல் இல்லாத இடத்தில் இரண்டும் இல்லை. பொருளை அடைத்து, அதனைக் காத்து, அதன்பொருட்டுக் கவன்று உறங்காதிருக்கும் இடம் எத்துணைப் பெரிதாயினும் வீடாகாது. பாலசமுத்திரத்துப் பெருமனையிற் பிறந்து, நகரத்துச் சிறு மனையில் ஒடுங்கும் முதியோர், இன்னும் சிறியதோர் இடமாகிய இவ்வுடம்பையும் ஒருநாள் காலி செய்தல் வேண்டும். அந்நாளிற் பொருள்களை எண்ணி வரிசைப்படுத்தப் பொழுது இராது. இப்பொழுது பாத்திரத்தையும் பெட்டியையும் முகமலர்ந்து விடக் கற்றவர்க்கு அவ்விடுதலை அச்சம் தாராது. உடையவன் திருவடியில் உடைமையை ஒப்புவித்து, பின் தம்மையும் ஒப்புவித்து உய்க.

சிவம்.